நாற்காலி தூக்கியவரின் பெயர்

டீச்சர்,

பாதை தொடங்கும் இடத்தில் நாம் நட்ட பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து என் வீட்டு முன்னறையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மழையில் எழுத்தெல்லாம் உரிந்துவிட்டது. பெயின்டர் முதல் பூச்சு அடித்துவிட்டுப் போயிருக்கிறார். வீடு முழுக்க டர்பன்டைன் நாற்றம். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் உள்ளே வருகிறது. இரண்டில் எதைத் தாங்குவது என்று தெரியாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் மழைக்காலம் இது.

மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு ஏறிய பழைய நடைபாதை மூடிப்போகாமல் இருக்க நாம் ஒரு குழு வைத்திருந்தோம். ஊரார் சேர்ந்து புதர் வெட்டுவது, சரிந்த கல்லை எடுத்து அடுக்குவது, பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவது. வீடு வீடாகப் போய்ப் பழங்கதை கேட்பது உங்கள் பங்கு. பூகோளம் நடத்திய அந்தக் குரலில் நீங்கள் கேட்டால் யாரும் மழுப்ப முடியாது.

பலகையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்ய, சர்ச் ஹாலில் பழைய போட்டோக்களைத் திரையில் போட்டோம். முகம் தெரிந்தவர்கள் பெயர் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு படத்தில் நாற்காலியில் வெள்ளைக்காரப் பாதிரியார். அதன் கம்புகளைத் தோளில் தாங்கி நான்கு பேர். பாதிரியார் பெயர் எல்லோருக்கும் தெரியும். பள்ளங்கியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "அதைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. முன்னாடி நிக்கிறது நம்ம டீச்சரோட தாத்தாவுல்ல!" என்று பெயரையும் சொல்லிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நீங்கள் தட்டவில்லை.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தூக்கியவர் பெயர் ஒன்றாவது கிடைத்ததே என்று பலகை வாசகத்தை அன்றைக்கே எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் நீங்கள், "தாத்தா பேரு போர்டுல வேணாம் சார்" என்றீர்கள்.

"ஏறி உக்காந்தவரு பேரு இருக்கும், தூக்குனவரு பேரு இருக்காதா டீச்சர்? இதுக்குத்தானே இத்தனை வருஷம் அலைஞ்சோம்?"

"கம்பு அழுத்தி அழுத்தி அவரு தோள்ல உருண்டையா ஒரு காய்ப்பு. சாகுற வரைக்கும் அடுத்தவுக முன்னாடி சட்டையைக் கழட்டல. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட எங்கம்மாவைத் தொடச்சுவிட விடல. அவரு மறைச்சு வச்சதை நான் பாதையில நட்டு வைக்கவா?"

எனக்குக் கோபம் வந்தது. கூச்சப்பட வேண்டியது அவர் இல்லை என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியலையே" என்றீர்கள். பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, "நியாயம்தான் வேணும்னா பாதிரியார் பேரையும் எடுத்துருங்க" என்றீர்கள்.

சர்ச் ஆட்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் கை தூக்கச் சொன்னபோது உங்கள் பக்கம்தான் அதிகம். பலகையில் பாதையைப் பற்றி மட்டும் எழுதினோம். நான் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வழக்கம்போல வெள்ளனே அரிவாளோடு வாசலில் வந்து நின்று, "சோலி கெடக்கு, வாங்க சார்" என்றீர்கள்.

இப்போது குழுவைப் பார்த்துக்கொள்வது ஹோம்ஸ்டே நடத்தும் ஸ்டெல்லா. நேற்று வந்திருந்தாள். "டீச்சர்தான் இல்லையே சார், அவுகளுக்குப் பிள்ளைகுட்டியும் இல்ல. இந்த வாட்டி தாத்தா பேரைப் போட்டுருவோமா? பேரு எங்க யாருக்கும் ஞாபகம் இல்ல, நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

உண்மைதான். அந்தப் பள்ளங்கிப் பெரியவரும் போய்விட்டார். நான் சொல்லாவிட்டால் அந்தப் பெயர் என்னோடு முடிந்துவிடும். நீங்கள் செய்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன் டீச்சர். ஆனால் நீங்கள் எழுந்து மறுத்துப் பேச முடியாத நேரம் பார்த்து நான் ஜெயிப்பதா? வேண்டாம்மா என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு என்மேல் வருத்தம்.

இன்று காலை மதுரையிலிருந்து வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். செங்குத்தான இடத்தில் மூச்சு வாங்க நின்றபோது, அந்தக் காலத்தில் நாற்காலியில் வைத்து ஆட்களைத் தூக்கி ஏறியதைச் சொன்னேன். ஒரு பெண், "இதுல நாற்காலியை யாரு சார் தூக்குனது? பேரு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். அவர் காத்திருந்தார். நான் முன்னால் இறங்கத் தொடங்கினேன்.