ஒன்பது நிமிடம் பிந்திய சங்கு

பூண்டுலோயா, கீழ்ப்பிரிவு லயம்
வியாழன் காலை

அன்பு நிரஞ்சன் அண்ணாவுக்கு,

கத்தார் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே செவ்வாயிலிருந்து விடாத மழை. வேலை நேரத்தில் போன் எடுக்க விடமாட்டார்கள் என்று தெரியும். சாப்பாட்டு நேரத்திலாவது வாசிப்பீர்கள் என்று மெயிலில் எழுதுகிறேன்.

மலையில் மண் அசைந்தால் சங்கு ஊதும்படி நான் செய்து வைத்த கணினிப் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? போன வெள்ளிக்கிழமை எல்லோரும் திருவிழாவில் இருந்தபோது சங்கு ஊதியது. ஓடி வந்து பார்த்தால் அம்மாக்கண்ணு அக்கா சமைக்கிற குசினிக்குப் பின்னால் மேடு சரிந்து கிடக்கிறது. லயத்து வீடுகள் எல்லாம் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன. ஆனால் பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தேன். மண் விழுந்து ஒன்பது நிமிடம் கழித்துத்தான் ஊதியிருக்கிறது, அண்ணா!

தப்பு என்னுடையது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று திருவிழா நேரலையையும் அதே பெட்டியில் போட்டேன். நீங்கள்கூடப் பார்த்தீர்களே. ப்ராசசருக்குப் பக்கத்திலேயே கேஷ் என்று ஒரு சின்ன நினைவகம் உண்டு, அடுப்படியில் எட்டும் தூரத்தில் வைக்கிற உப்பு டப்பா மாதிரி. வீடியோ அந்த இடத்தை அடைத்துக்கொண்டது. சங்கை ஊதவைக்கிற நிரல் எல்லாவற்றுக்கும் தூரத்து நினைவகத்துக்கு ஓடி ஓடி, மலைத் தகவல் குவியக் குவியப் பின்தங்கிவிட்டது.

நேரலையை நிறுத்திவிட்டேன். ஆனாலும் மழை கூடினால் மலையிலிருந்து வருகிற தகவலே குவியும். அதனால் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலையே மாற்றி அமைத்திருக்கிறேன். கேஷில் ஒரு பங்கு இனிச் சங்குக்கு மட்டும், வேறெதுவும் அதைத் தொடாது. மேசையில் சோதித்தபோது ஒரு நொடியில் ஊதியது. பின்னேரம் நான்கு மணிக்குப் பெட்டியை அணைத்து இதை ஏற்ற வேண்டும். கால் மணி நேரம் மலைக்குக் காவல் இல்லை. பெட்டி திரும்ப எழும்பாவிட்டால்? போன தடவையும் எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன்.

பெட்டி திரும்ப எழும்பும்வரை எல்லோரும் பாடசாலைக்குப் போய்விடலாம் என்று அம்மாவிடம் உண்மையைச் சொல்லிக் கெஞ்சினேன். அம்மா சிரிக்கிறார். "ஏன்டி, சங்கு கத்துச்சா இல்லையா? சும்மா பயந்து சாகாத" என்கிறார். அம்மா அசையாததால் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களும் அசையவில்லை. "பெட்டி செஞ்சவ ஆத்தாவே உள்ளதான் இருக்காங்க, நாங்க மட்டும் ஏன் போகணும்?" என்று கேட்கிறார்கள்.

நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார். நான்கு மணிக்குள் எப்படியாவது அம்மாவுக்குப் போன் பண்ணுங்கள். தங்கச்சி தப்புப் பண்ணிவிட்டாள், அவளை நம்பாதீங்க என்று சொல்லுங்கள். கோபமாகவே சொல்லுங்கள், அண்ணா. நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்பேன்.

அம்மாவின் செருப்பை வாசலில் எடுத்து வைத்திருக்கிறேன். மாரியம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

உங்கள்
கிருஷாந்தி