பார்க்க வேண்டிய ஏழு இடங்கள்

இன்று காலை மலையடித் திருப்பத்தில், ஓடிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா நின்றுவிட்டார். ராத்திரி பெய்த மழையில் தோல் பதனிடும் ஷாப்புகளில் குவித்திருக்கும் மரப்பட்டை நனைந்து, அந்தப் புளித்த வாசனை அங்கே வரைக்கும் வந்திருந்தது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாதையோரத்தில் இருக்கும் பெரிய பாறையைக் காட்டி, இதற்கு ஒரு கதை உண்டாமே என்று கேட்டார். போன வருடம் வந்துபோன அவருடைய தோழி, அதைக் கேட்காமல் வராதே என்று சொல்லி அனுப்பினாராம். இப்போது எனக்கு அவர்கள் பேசுவது பாதிக்கு மேல் புரிகிறது. பதில்தான் வருவதில்லை.

கதை எனக்குத் தெரியும். குதிரை நொண்டிப்போன ஒரு ராணி, அந்தப் பாறைமேல் உட்கார்ந்து மூன்று நாள் வேறு குதிரைக்காகக் காத்திருந்தாள். நீ இட்டுக்கட்டியது. வாரத்துக்கு வாரம் ராணியின் புடவை நிறம்கூட மாறும். நான் பாறையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன்.

"ஸ்டோன்," என்றேன். "ஸ்டோன், மேடம்."

அவர் சிரித்துவிட்டு என் தோளைத் தட்டினார். மறுபடி ஓடினோம். ஆனால் எனக்குக் கால் சரியாக விழவில்லை. அதனால்தான் உனக்கு இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. நீ இருந்தால் பிழைக்கு ஒரு குட்டு வைத்திருப்பாய்.

நாம் ஓட ஆரம்பித்தது விருந்தாளிகளுக்காக இல்லை. வேலூரில் வருடா வருடம் பெண்களுக்குச் சாலை ஓட்டம் நடக்கிறது, முதல் இரண்டு பேரை மெட்ராஸில் விடுதியில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நீதான் எங்கிருந்தோ கேட்டுவந்தாய். "ஓடுனா படிப்பும் குடுக்கறாங்க, சோறும் குடுக்கறாங்க. இங்க பெட்ஷீட் ஒதறிக்கினே கெழவி ஆவப் போறியா?" என்று கேட்டாய். விருந்தினர் இல்லத்தில் அறை பெருக்கவும் வெந்நீர் போடவும் நாம் போய்ச் சேர வேண்டிய நேரம் ஏழு மணி. அதற்கு முன்னால் பாலாற்று மணலில் ஓடினோம். பாவாடைக்குள் உன் அண்ணனுடைய பழைய அரைக்கால் சட்டைகள். உனக்கு நீலம், எனக்குக் காக்கி.

பிறகு இல்லத்தில் தங்க அந்தச் சிவப்பு முடிக்காரம்மா வந்தார். காதில் பாட்டுப் பெட்டியை மாட்டிக்கொண்டு தனியாக ஓடக் கிளம்பியவரை நாய்கள் துரத்தி, வழி தெரியாமல் ரயில்வே லைன் வரைக்கும் போய்விட்டார். ஒரு பிரியாணிக் கடைக்காரர்தான் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பிவைத்தார். அன்றைக்கே இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரனம்மா நம் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டும் காலையில ஆத்துல ஓடுதுங்களாமே? அப்போ இவங்களையும் கூட்டிக்கினு ஓடுங்க. ஒருத்தி முன்னால, ஒருத்தி பின்னால. நடுவுல வர்றவங்க தொலையக் கூடாது. தோல் ஷாப்பு கால்வா பக்கம் போவக் கூடாது."

"பின்னால ஓடறவளுக்கு வாயே தேவயில்லம்மா. இவளுக்குன்னே செஞ்ச வேல," என்றாய் நீ. மேட்ரனம்மாகூட சிரித்துவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாரும் திரும்பிப் பார்க்காத இடம் எனக்குப் பிடிக்கும்.

இரண்டு வருடம் அப்படி ஓடினோம். நர்சுகள், டீச்சர்கள், தோல் வாங்க வருபவர்களின் மனைவிமார் என்று எத்தனையோ பேர். அவர்களைக் கொண்டுவந்து விட்டபிறகு, அதே வழியை நாம் மறுபடி வேகமாக ஓடுவோம். அதுதான் நம் பயிற்சி. உன் இங்கிலீஷ் பத்து வார்த்தை. அதை வைத்துக்கொண்டு ஊரையே விற்றிருப்பாய். ஆற்றின் நடுவில் நின்று ஒருவர், ஆறு எங்கே என்று கேட்டார். "யு ஸ்டாண்டிங், மேடம். ரிவர். வாட்டர் நோ," என்றாய். காற்று திரும்பிய ஒருநாள், தோல் வாங்க வந்த ஒரு பையரின் பெண்டாட்டி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது என்ன நாற்றம் என்றார். நீ குனிந்து அவர் காலைக் காட்டி, "யுவர் ஷூஸ், மேடம்," என்றாய். அவர் கோபப்படவில்லை. ஆனால் மேட்ரனம்மாவிடம் நாம் இரண்டு பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

முதலில் நாம் நின்று காட்டும் இடங்கள் மூன்றுதான். ஆறு, ஏரிக்கரை, மலையடி. போன ஐப்பசி மழைக்குப் பிறகு பனந்தோப்பில் நிற்க ஆரம்பித்தாய். அடுத்த வாரம் பாழுங்கிணறு. அப்புறம் அந்தப் பாறை. பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு வரப்பு. அங்கே வருடத்துக்கு ஒருதரம் மயில்கள் கூட்டம் போடும் என்று சொன்னாய். மொத்தம் ஏழு. விருந்தாளிகளுக்குச் சந்தோஷம். படம் எடுத்தார்கள். எவ்வளவு விஷயம் தெரிந்த பெண் என்று மேட்ரனம்மாவிடம் புகழ்ந்தார்கள்.

முன்னால் நின்றவர்கள் உன் முகத்தைப் பார்த்தார்கள். நான் பின்னால் இருந்தேன். நீ வலது கையை நீட்டி எதையோ காட்டும்போது, இடது கை பாவாடையை விலாவோடு சேர்த்துப் பிடித்திருக்கும். தோள்பட்டை எலும்பு இரண்டும் ஏறி இறங்கும். ராணியை மூன்று நாள் காத்திருக்க வைத்தது, அந்த மூச்சு அடங்க அவ்வளவு நேரம் வேண்டியிருந்ததால்தான். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். அப்போது, பேச்சு பிடித்தவள், பேசுகிறாள் என்றும் நினைத்திருக்கலாம். எது முதலில், எது பிறகு என்று பிரிக்க முடியவில்லை.

ஆனால் அந்த வயசான நர்சம்மாவை மறக்க முடியாது. நீ கதையின் நடுவில் இருக்கும்போது உன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மெதுவாக உன்னிடம் ஏதோ சொன்னார். நீ சிரித்துத் தலையாட்டினாய். அவரை விட்டுவிட்டுத் திரும்பும்போது கேட்டேன்.

"இன்னாடி சொன்னாங்க?"

"ரொம்ப நல்லா ஓடறியாம். இங்க இருந்து பேஜார் ஆவாத, எங்க நாட்டுக்கு வந்துடுன்னாங்க."

"நெசமாவா?"

"பின்ன? உன்னையும் கூட்டினு போறன். பொட்டி தூக்க ஆள் வேணும்ல."

அதைச் சொன்னபோது நர்சம்மாவின் முகம் நல்ல சேதி சொன்னவரின் முகமாக இல்லை. அதற்குமேல் நான் கேட்கவில்லை. அன்றைக்கு நாம் வேகமாக ஓடவில்லை. முள் குத்திவிட்டது என்றாய். எந்தக் கால் என்றுகூட நான் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் இத்தனை மாதமாக யோசிக்கிறேன். கேட்டிருந்தால் நீ ஓட்டத்துக்குப் போயிருக்க முடியாது. உன் ஆசையைக் கெடுக்கக் கூடாது என்று இருந்தேனா? நீ வராவிட்டால் தனியாக வேலூர் பஸ் ஏற எனக்குத் தைரியம் இல்லை, அதற்காகவா? நீ மெதுவானால் எனக்கு இடம் கிடைக்கும் என்று எங்கேயாவது ஒரு மூலையில் நினைத்தேனா? அந்த மூலையைத் தேடிப் பார்க்கிறேன். இருக்கிறது என்று ஒருநாள் தோன்றுகிறது, இல்லை என்று ஒருநாள்.

தை மாதம் வேலூருக்குப் போனோம். கோட்டைக்கு எதிரே கோடு போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் கான்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள், நாம் வெறுங்கால். அகழியை ஒட்டியே ஓட்டம். எடுத்த எடுப்பில் நீ எல்லோரையும் விட்டுவிட்டுப் போனாய். உயரமான ஒரு பெண் மட்டும்தான் கடைசிச் சுற்றில் உன்னைத் தாண்டினாள். நான் ஒவ்வொருவராகப் பின்னால் விட்டு, மூன்றாவதாக உனக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன்.

உன் மூச்சு, தறியில் நாடா போய்வருகிற மாதிரி டக் டக்கென்று கேட்டது. இடது கை விலாவுக்குப் போயிற்று. நான் தாண்டியிருக்கலாம். எனக்குக் காலில் இன்னும் பலம் இருந்தது. முன்பின் தெரியாத அத்தனை பேரைத் தாண்டி வந்தவள், உன்னிடம் வந்ததும் இரண்டு வருடமாகச் செய்ததையே செய்தேன். கடைசி ஆள் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி, நாலடி விட்டு, உன் வேகத்துக்கு என் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தேன். இதோ நிற்பாள், கையை நீட்டி எதையாவது காட்டுவாள் என்று காத்திருந்தேன். நீ நிற்கவில்லை. நீ இரண்டாவது, நான் மூன்றாவது.

அகழிச் சுவரில் போய் உட்கார்ந்தாய். உதடு ஒருமாதிரி கறுத்திருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"ஏன்டி தாண்டல? நான் இன்னா வெள்ளக்காரியா, பின்னாலயே வர்றதுக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் காலு சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சு," என்றாய். "அதான் நிக்கல."

அவ்வளவுதான் சொன்னாய். ஊருக்கு வரும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். அந்த வார்த்தையை எத்தனை விதமாகப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. நான் பின்னால் இருந்ததால் முடித்தேன் என்றாயா? நான் துரத்தியதால் நிற்க முடியாமல் போயிற்று என்றாயா? தாண்டிப் போயிருந்தால் நின்றிருப்பாயா? நான் நின்றிருந்தால்?

பத்து நாளில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் வீங்கியது. வேலூர் ஆஸ்பத்திரியில், சின்ன வயதில் வந்த காய்ச்சலிலேயே இருதய வால்வு கெட்டிருக்கிறது என்றார்கள். மாசி பிறந்து நாலாம் நாள் நீ இல்லை. அடக்கத்துக்கு வந்த இடத்தில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு ஏதாச்சும் தெரியுமாடி?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

போன வாரம் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது வந்தவரின் இடம் காலியாக இருப்பதால் மூன்றாவது வந்தவர் சேரலாம் என்று எழுதியிருந்தது. உன் பெயர் அதில் இல்லை. மேட்ரனம்மா சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு எனக்கு ஒரு லட்டு கொடுத்தார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் மத்தியானம் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன். வியாழக்கிழமை கிளம்ப வேண்டும்.

இன்று கம்பெனி அரைநாள் என்பதால், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைத்துவிட்டு உன் அம்மா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போனபோது பாயில் உட்கார்ந்து ஒரு புதுத் தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நீ இரண்டாவது வந்ததும் வாங்கிய பெட்டியாம். நீயே அதைப் பார்த்தாயோ என்னவோ.

"அத்த, வேணாம்."

"இன்னா வேணாம்? துணிப்பையில எடுத்துக்கினு போனா மெட்ராஸ் பொண்ணுங்க சிரிக்க மாட்டாளுங்களா? பூட்டு சரியில்ல. கயிறு கட்டித் தர்றன்."

கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"டாக்டரு, ரொம்ப நாளா மூச்சு வாங்கியிருக்கும்னாரு. நான் காலையில போனா இருட்டி வர்றவ, எனக்குத் தெரியல. நீ தெனம் அவ பின்னாலயே ஓடுனவ. அன்னிக்கித் தெரியாதுன்ன. இப்ப சொல்லு."

காலையில் ஒரு பாறையின் கதையைச் சொல்லக்கூட வாய் வராதவள் நான். இருந்தும் சொன்னேன். "தெரியும் அத்த." ஏழு இடத்தையும் சொன்னேன். நர்சம்மாவின் கையைச் சொன்னேன். அகழிச் சுவரில் உட்கார்ந்து நீ சொன்னதையும் சொன்னேன். அழாமல் சொன்னேன், அதுவும் ஏன் என்று தெரியவில்லை.

உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஏதாவது புரிந்திருக்கும். "கயித்தப் புடி," என்றார். பிடித்தேன். முடிச்சை இறுக்கினார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"உனக்கு எங்கனா வலிச்சா வாயத் தொறந்து சொல்லு. பக்கத்துல இருக்கறவளுக்கு வலிச்சாலும் சொல்லு. யாரும் கேக்கலன்னாலும் சொல்லு."

அது திட்டா, புத்தியா, வேறு ஏதாவதா? அவர் குரலில் எதுவும் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனைக் குழாயடி வரைக்கும் போனேன். அங்கே குடம் வைத்திருந்தவர்கள் பெட்டியைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். நான் உன் வீட்டுக்கே திரும்பி நடந்தேன்.

உன் அம்மா அதே இடத்தில், பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அத்த," என்றேன். "எனக்கு பயமா இருக்குது. அவ எடத்துல போயி நிக்கறதுக்கு ரொம்ப பயமா இருக்குது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நகர்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டார்.

"பொட்டியக் கீழ வை," என்றார். "வச்சிட்டுச் சொல்லு."