பக்கம் ஏழு: குறை சொல்லாதே

பதிவு 61 / இருள் 1-ஆம் நாள் / 07:10

மறுகரை நிலையம், நிலவின் மறுபக்கம். பணியில் ஒருவர்: முனைவர் ஆவுடையம்மாள். நேற்று சூரியன் மறைந்தது. இனி பதினான்கு பூமி நாட்கள் இருட்டு. பேட்டரித் தொகுதிகள் நான்கும் நிறைந்துள்ளன. அறை வெப்பம் 21. காற்று சரி. வெளியே ஆன்டெனாக்கள் விண்வெளியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

எனக்குப் பின் இங்கே வரப்போகிறவருக்கு: இந்த நிலையத்தில் எதுவும் தானாகப் பூமியோடு பேசாது. தொலைநோக்கிக்கு நிசப்தம் வேண்டும். எச்சரிக்கை மணி அடித்தால்கூட அதற்கு இரைச்சல்தான். காலையில் ஒருமுறை நாமே டிரான்ஸ்மிட்டரைச் சூடாக்கி, மேலே போகும் செயற்கைக்கோள் வழியாக அறிக்கை அனுப்ப வேண்டும். நாம் எழுதியது மட்டுமே கீழே தெரியும். கீழிருந்து வரும் செய்திகளை வாங்கும் ரிசீவருக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது பாட்டுக்கு ஓடும், வருவதை எழுத்தாக்கி இந்தப் பதிவிலேயே சேர்த்துவிடும்.

கீழே என் அறிக்கையைப் படிப்பவள் பிலோமினா பர்னாந்து. தூத்துக்குடிக்காரி, என்னைப் போலவே ஒப்பந்த வேலை. நானும் அவளும் மூன்று வருடம் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே கல்லூரி ஒரே நாளில் எங்கள் இருவருக்கும் ‘வருந்துகிறோம்’ என்று அனுப்பியது. அழுது முடித்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து அன்றைக்கு ஆரம்பித்ததுதான் ‘நாற்காலி’. பல்கலைக்கழக வேலை தேடுகிறவர்கள் சேர்ந்து எழுதும் இணையக் கையேடு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் திருத்தலாம். விளம்பரத்தில் தகுதி வரி அனுமார் வாலாக நீண்டிருந்தால் ஆள் ஏற்கனவே உள்ளே தயார். பயணப்படி உண்டா என்று ரயில் ஏறுவதற்கு முன்னால் கேள். இப்படி இருநூறு பக்கம். நிரந்தர வேலை கிடைத்தவர் தன் விண்ணப்பத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியேற வேண்டும், அதன்பின் எழுத உரிமை கிடையாது. கையேடு தேடுகிறவர்களுடையது. அந்த விதியை வைத்தது நான்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியவர் பெயரும், எத்தனை பேர் நன்றி சொன்னார்கள் என்பதும் இருக்கும். ஏழாம் பக்கம் என்னுடையது: ‘நேர்காணலில் குறை சொல்லாதே.’ கையேட்டிலேயே அதிக நன்றி வாங்கிய பக்கம். சும்மா சொல்லி வைத்தேன்.

பதிவு 62 / இருள் 3-ஆம் நாள் / 07:25

நான்கு பேட்டரியும் சரி. வெப்பம் 21.

கையேட்டின் புதுப் பிரதி வந்தது. முதல் பக்கத்திலேயே பிலோமி ஒரு விளம்பரத்தை ஒட்டியிருக்கிறாள். எங்கள் நிறுவனத்தில் நிரந்தர ஆராய்ச்சியாளர், ஒரே ஓர் இடம். கையேட்டில் இருக்கும் ஆறாயிரம் பேருக்குச் சொல்லிவிட்டு அப்புறம் எனக்குச் செய்தி அனுப்புகிறாள்.

“ஏட்டி ஆவுடை, பாத்தியா? நெரந்தர வேலைட்டி! உள்ளுக்குள்ள யாருக்கும் முடிவாகல, நல்லா விசாரிச்சுட்டேன். நானும் போடுதேன், நீயும் போடு. யாருக்குக் கெடைச்சாலும் மத்தவளுக்குப் பிரியாணி. சரியா?”

பிரியாணியாம். எனக்கு வரும் மாசியில் நாற்பது. வயது வரம்பு நாற்பது. இந்தப் பணிக்காலம் முடிந்தால் என் ஒப்பந்தமும் முடிந்தது. இதுதான் நான் போடக்கூடிய கடைசி விண்ணப்பம். அவளுக்கு முப்பத்தைந்து, இன்னும் எத்தனையோ விளம்பரம் வரும். இதை மட்டும் விட்டுக்கொடுத்தால் என்ன? நான் கேட்க மாட்டேன். அவளுக்கே தோன்ற வேண்டும்.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

பதிவு 63 / இருள் 4-ஆம் நாள் / 08:00

இரண்டாம் பேட்டரித் தொகுதி செத்துவிட்டது. மாற்று இணைப்பு கொடுத்துப் பார்த்தேன், பயனில்லை. மற்ற மூன்றை வைத்துச் சிக்கனமாக இருந்தால் சூரியன் வரும்வரை ஓட்டலாம்.

விதிப்படி உடனே சொல்ல வேண்டும். சொன்னால் நிலவின் பூமி தெரியும் பக்கத்து முகாமிலிருந்து நான்கு நாளில் ஆள் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார்கள். என் பணிக்காலத்துக்கு எதிரே ‘முடிக்கவில்லை’ என்று விழும். இரண்டு பேரும் நேர்காணலுக்குத் தேர்வாகியிருக்கிறோம், இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. அந்தக் கோளாறு அறிக்கையை முதலில் கையில் வாங்குகிறவள் யார்? என் போட்டிக்காரி. நல்ல கதை.

இன்னொன்று. ஏழாம் பக்கத்தைத் திருத்தியிருக்கிறாள். என் தலைப்பை அடித்துவிட்டு ‘ஒரு குறையையாவது சொல்’ என்று போட்டிருக்கிறாள். கடிகாரத்தைத் தப்பாக வைத்து ஒரு வருடத் தரவை நாசமாக்கியதை ஒரு நேர்காணலில் சொன்னாளாம். குழுவே சிரித்ததாம், அதற்குப் பிறகுதான் மனுஷியாகப் பார்த்தார்களாம். ஒரே நாளில் இருநூற்றுச் சொச்சம் நன்றி. எனக்கு அத்தனை சேர ஒரு வருடம் ஆனது.

வயிறு எரிகிறது. எழுதவும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் எரிகிறது. அறிக்கையோடு சேர்த்து அனுப்பி, என் பழைய பக்கத்தை அப்படியே திரும்பப் போட்டேன்.

அறிக்கை அனுப்பியது: வெப்பம் 21. நான்கு பேட்டரியும் சரி. பணியாளர் நலம்.

பதிவு 64 / இருள் 5-ஆம் நாள் / 07:30

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அறையை 14-க்கு இறக்கினேன். இரண்டு ஸ்வெட்டர். அறிக்கையில் 21.

அவள் மறுபடி மாற்றிவிட்டாள். நான் மறுபடி மாற்றினேன். கையேட்டில் ஆட்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ‘நிறுவனர்கள் இருவருக்கும் குழாயடிச் சண்டை’ என்று ஒருவன் எழுதியிருக்கிறான். பதினேழு பேர் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

“ஏட்டி, எம்மேல கோவமா? பக்கத்த ரெண்டாப் பிரிச்சுப் போடுவோமா, ஒன்னுது ஒரு பாதி, என்னுது ஒரு பாதி? பிள்ளைங்க படிச்சுட்டு அவுங்களே முடிவு பண்ணட்டும்.”

பாகப்பிரிவினை நடத்துகிறாள் என் பக்கத்தில்.

பதிவு 65 / இருள் 6-ஆம் நாள் / 07:50

“ஆவுடை, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாத. வெப்பம் மூணு நாளா இருபத்தொண்ணு, இருபத்தொண்ணுன்னே வருதே? இருட்டுல கொஞ்சமாச்சும் ஏறி எறங்கணும்லா? ஏதும் கோளாறுன்னா எங்கிட்ட சொல்லு. நான் இந்த நெரந்தர வேலைப் போட்டில இருந்தே ஒதுங்கிக்கிடுதேன், ரிப்போர்ட்ட வேற ஆளு பாக்கட்டும். ஒனக்கு ஒண்ணும் ஆவாது.”

எவ்வளவு நைச்சியம் பாருங்கள். வாயைக் கிளறி ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் போதும், நேரே குழுவிடம் போய்விடும். ஒதுங்கிக்கொள்வாளாம்! ஒரே ஓர் இடம் இருக்கும்போது எவள் ஒதுங்குவாள்? நான் ஒதுங்குவேனா?

பதில்: “ஹீட்டரை நன்றாகப் பராமரித்தால் அப்படித்தான் இருக்கும். உன் நேர்காணலைப் பார்.”

அப்புறம் உட்கார்ந்து, சூரியன் வருவது வரைக்குமான அறிக்கைகளை மொத்தமாக எழுதினேன். 21.2, 20.8, 21.0, 20.9. ஏறி இறங்கத்தானே வேண்டும், ஏறி இறங்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செயற்கைக்கோளுக்கு ஏற்றி, நாளுக்கு ஒன்றாகக் கீழே இறக்கச் சொல்லியிருக்கிறேன். தினமும் டிரான்ஸ்மிட்டரைச் சூடாக்கும் மின்சாரம் மிச்சம். அவள் வாயும் அடைபட்டது. இதை யோசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பல வாரத்துக்குப் பிறகு.

பதிவு 66 / இருள் 8-ஆம் நாள் / 11:40

நேர்காணல் முடிந்தது. குரல் மட்டும்தான். அறை 9 டிகிரி. பல் தந்தியடிக்காமல் இருக்கத் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டே பேசினேன்.

தலைவர் கேட்டார்: “இந்தப் பணிக்காலத்துல ஏதாவது சிக்கல் வந்துதாம்மா?”

“எதுவும் இல்லைங்க சார்.”

“அப்படியா! ஆச்சரியமா இருக்கே. ரொம்ப நல்லது.”

ஏழாம் பக்கம், எழுத்துப் பிசகாமல்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் தொகுதியின் முள் சரிந்தது. பார்த்துக்கொண்டே தொடர்ந்தேன். முடித்ததும், டிரான்ஸ்மிட்டர் குளிரில் உறையாமல் எந்நேரமும் காக்கும் சின்ன ஹீட்டரையும் அணைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். மீதி இரண்டு தொகுதி பன்னிரண்டாம் நாள் வரை வரும். சூரியன் பதினைந்தாம் நாள்.

இப்போதே உதவி கேட்டால் ஆள் வருவதற்கும் மின்சாரம் தீர்வதற்கும் சரியாக இருக்கும். முடிவை நாளைக் காலையில் சொல்கிறார்கள். இப்போது வாயைத் திறந்தால் வேலை அவளுக்கு. விண்வெளி உடையில் ஒரு நாளைக்கான பேட்டரி இருக்கிறது. நாளைக்குச் சொல்கிறேன். ஒரு நாளில் குடி மூழ்கிவிடாது.

பதிவு 67 / இருள் 9-ஆம் நாள் / 09:15

எனக்குத்தான்!

“முனைவர் ஆவுடையம்மாள் அவர்களுக்கு: தேர்வுக் குழு ஒருமனதாகத் தங்களைத் தேர்ந்தெடுத்துள்ளது. தங்கள் அறிக்கைகளின் குறையற்ற ஒழுங்கைக் குழு சிறப்பாகப் பாராட்டுகிறது.”

தனியாகக் குதித்தேன். நிலவில் குதித்தால் கூரையில் இடிக்கும், இடித்தது. பன்னிரண்டு வருடம். எத்தனை ‘வருந்துகிறோம்’. சத்தமாக அழுதேன், கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில்.

அடுத்து அவள் செய்தி.

“வாழ்த்துக்கள்ட்டி. நெசமாச் சொல்லுதேன். ஏழாம் பக்கத்த நீ எழுதுனபடியே திருப்பிப் போட்டுட்டேன். நீதான் ஜெயிச்ச. இனிமே யாரும் மாத்த முடியாதபடி பூட்டியும் வச்சாச்சு. ஒன் விண்ணப்பத்தையும் போட்டுட்டு, விதிப்படி ஒன்னய கையேட்டுல இருந்து எடுத்துட்டேன். பிரியாணிக்குக் காத்துட்டு இருக்கேன்.”

படித்து முடித்து, உதவி கேட்க டிரான்ஸ்மிட்டரை இயக்கினேன். சூடேறவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். ஹீட்டர் இல்லாத ஒரே இரவில் உள்ளே சக்தி கொடுக்கும் பாகம் குளிரில் பிளந்து கிடக்கிறது. மாற்றுப் பாகம் கிடையாது.

பதிவு 68 / இருள் 10-ஆம் நாள் / 16:00

பிளந்ததை ஒட்டிப் பார்த்தேன். தொலைநோக்கியின் கம்பிகளைப் பிடுங்கி மாற்றிக் கட்டிப் பார்த்தேன். ஆன்டெனா இத்தனை இருக்கிறது, எல்லாம் காதுதான், வாய் ஒன்றுகூட இல்லை.

அறை 3 டிகிரி.

“ரிப்போர்ட்டு டாண்ணு வருது, எனக்கு ஒரு வரி இல்ல. நெரந்தரம் ஆனவுடனே நாங்கள்லாம் கண்ணுக்குத் தெரிய மாட்டோமோ?”

அந்த அறிக்கையை நம்பாதேடி. மூன்று நாளாக 21 என்றபோது சந்தேகப்பட்டாயே, இப்போதும் படேன். பிலோமி, நீ கெட்டிக்காரி. எனக்கு எரிந்ததே அதற்காகத்தானே.

பதிவு 69 / இருள் 11-ஆம் நாள்

கையுறையோடு எழுதுகிறேன். எழுத்து கோணல்.

“ஆவுடை, மனசுல ஒண்ணு கெடந்து அறுக்குது, சொல்லிருதேன். எனக்கும் வயிறு எரிஞ்சுதுட்டி. ரெண்டு நாளா சோறு எறங்கல. அந்த இருபத்தொண்ணு டிகிரி எனக்குச் சரியாவே படல. என் நேர்காணல்ல அதச் சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா, பொறாமைல போட்டுக்குடுக்காளுன்னு நெனப்பாவன்னு விழுங்கிட்டேன். ஒன் ஹீட்டரப் போய்ச் சந்தேகப்பட்டேனேன்னு இப்ப வெக்கமா இருக்கு. மன்னிச்சுரு.”

ஐயோ.

சொல்லியிருக்கலாமேடி. போட்டுக்கொடுத்திருக்கலாமே. நான் ஆயுசுக்கும் உன்னைத் திட்டிக்கொண்டு, நாற்பது வயதில் வேலை இல்லாமல், உயிரோடு கிடந்திருப்பேன்.

சொல்லக் கூடாது என்று ஆறாயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அவளுக்கும் சேர்த்து.

பதிவு 70 / இருள் 12 / நேரம் பார்க்க விளக்கு இல்லை

உடைக்குள் இருக்கிறேன். பேட்டரி பாதிக்குக் கீழே.

கதவைத் திறப்பவருக்கு. என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கையேடு. ஏழாம் பக்கம் பூட்டியிருக்கும், பிலோமியிடம் சொன்னால் திறப்பாள். என் வரிகளை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

குறையைச் சொல். வந்த அன்றைக்கே சொல். கேட்கிறவள் உன் போட்டிக்காரியாக இருந்தாலும் அவளிடமே சொல்.

எழுதியவர் பிலோமினா பர்னாந்து. என் பெயர் வேண்டாம். அவள்தான் முதலில் எழுதினாள், நான்தான் அடித்தேன். இதை அவளிடம்

கால் இருப்பதே தெரியவில்லை

அந்தப் பக்கத்துக்கு நன்றி எத்தனை வந்தது என்று மட்டும் எனக்கு யாராவது

பெறப்பட்டது / இருள் 13-ஆம் நாள் / 07:40

“இன்னைக்கு ரிப்போர்ட்டும் வந்துட்டு. வெப்பம் இருபது புள்ளி ஒம்பது, பணியாளர் நலம்னு போட்டிருக்கு. சரிட்டி, பேசாட்டிப் போ. நல்லாத்தான இருக்க, அது போதும் எனக்கு.”