வண்டு வாய் வையாத தும்பை

கார்த்திகை 5, வெள்ளி
விடியலில் தூறல். வரப்பில் தும்பை பறித்தல். உள்ளங்கை நிரம்பவில்லை, சென்ற ஆண்டு பூக்குடலை நிரம்பிற்று. எஞ்சியவை மூன்று செடிகளே. மனைவி காமாட்சியின் மார்புக் கட்டிப் பரிசோதனை முடிவு திங்களன்று. அதுவரை நாள்தோறும் சிவனுக்குத் தும்பை சாத்துவதாக வேண்டுதல்.

பக்கத்துத் திராட்சைத் தோட்டத் தங்கவேலைக் கடிந்துகொண்டேன்; களைக்கொல்லியால் தும்பை அழிந்ததென்று. சிரித்தார்.

"எம் பந்தலுக்குள்ளதான்யா மருந்தடிச்சேன். உங்க வரப்புல பட்டிருந்தா அருகம்புல்லு மட்டும் இம்புட்டுப் பச்சையா நிக்குமா?"

வரப்புக்குத் திரும்பி அருகம்புல்லைத் தடவிப் பார்த்தேன்.

சனி
கோயில் பூசையில் பதிகம் ஓதுகையில் இருமுறை தடுமாற்றம். வீட்டுத் தொட்டியில் நட்ட தும்பைக்கு எரு, நாளும் நீர். இலை மட்டும் செழிப்பு, பூ இல்லை. தரிசில் தானே முளைப்பதற்கு உபசாரம் ஆகாது போலும்.

காமாட்சிக்கு நீர்க்கோவை. அந்தத் தும்பை இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடித்தாள். போர்வைக்குள்ளிருந்தே பேச்சு:

"விடியுமுன்ன பூவெல்லாம் புடுங்கியாந்துர்றீக. தேனீ வராம விதை எங்கிட்டுப் பிடிக்கும்?"

"தேனீ வாய் வச்சது எச்சில். சாமிக்கு ஆகாது."

"அப்ப சாமிக்குத் தேனபிஷேகம் பண்றீகளே, அது யாரு எச்சிலாம்?"

எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஞாயிறு
உறக்கமில்லை. காய்ந்த கொத்துகளை உள்ளங்கையில் கசக்கிப் பார்த்தேன். பெரும்பாலும் பதர். அவள் சொன்னதே மெய். தங்கவேலிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

இன்றும் இருளிலேயே பறித்தேன். பழகிய கை சொன்னபடி கேட்கவில்லை. நாளையும் பறித்தால் விதையின்றிச் செடி அற்றுப்போகும். பறிக்காவிடில் வேண்டுதல் முறியும். அவள் உயிரை முன்வைத்துச் செய்த வேண்டுதல். இறைவா, எதற்கு அஞ்சுவது?

திங்கள்
வெயில். விடிந்தும் பறிக்கவில்லை. வரப்பிலேயே நின்றேன். வண்டைக் காணோம். தெருவிலிருந்து அவள் குரல்: "ஏங்க, டாக்டரம்மா பத்து மணிக்கு வரச்சொன்னாக!"

ஒருவழியாக வண்டு வந்தது, மிகச் சிறியது. பூவுக்குப் பூ நுழைந்து எழுந்தது. அது விட்டகன்ற பூக்களில் ஒன்றே ஒன்றைக் கொய்தேன். கோயில் படியில் கால் கூசிற்று. சாத்தினேன். மந்திரம் நாவில் எழவில்லை. "இவளைக் காப்பாற்று" என்பது மட்டும்.

பேருந்தில் எழுதுகிறேன். அருகில் காமாட்சி.

"எச்சில் பூவா வச்சீக?"

"ஆமா."

சிரித்தாள். தோளில் அவள் கை பட்டது; பனிக்கட்டி போலிருக்கிறது. பிடித்துக்கொள்ள வேண்டும். எழுதுகோலை வைக்கிறேன்.