மூன்றாம் எண் பண்ணையாளர்

புதுச்சத்திரம்
12.11.2024

நித்யஸ்ரீக்கு,

இங்கே நானும் உன் அம்மா சௌந்திரமும் சுகம். ஜெர்மனியில் நீயும் சுகமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன். போனில் உங்கள் அறிக்கையைப் பற்றிப் பேச்செடுத்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கடைசி வரி வரை படி. கொட்டகையில் புதுக் குஞ்சு இறக்கி ஒரு மாதம் ஆகிறது, தடுப்பூசி எல்லாம் தேதி தவறாமல் போட்டாயிற்று. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். உங்கள் இணைய வகுப்புக் குழுவில் இருக்கும் அந்தக் கனடாப் பெண், கோழிப்பண்ணைக்காரர்களைப் பேட்டி எடுத்து நீங்கள் எழுதிய அறிக்கையை எனக்கு அனுப்பிவைத்தாள், பேட்டி கொடுத்தவர்கள் படித்துச் சம்மதம் சொல்ல வேண்டுமாம். நான் ஆறாவதோடு நின்றவன், மருந்து டப்பாவையும் தீவன மூட்டையையும் பார்த்துப் பார்த்தே இங்கிலீஷ் கற்றவன். அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாளில் பதினொரு பக்கமும் படித்துவிட்டேன். ஏழாம் பக்கத்தில் என்னை மூன்றாம் எண் பண்ணையாளர் என்று போட்டு, இவர் ஒவ்வொரு பதிலிலும் தன் கடவுளை அழைக்கிறார், கோழிக்கு நோய் வந்தால் தெய்வத்தைத்தான் நம்புகிறார் என்று எழுதியிருக்கிறது.

நான் எந்தக் கடவுளை அழைத்தேன்? வெள்ளைக்கழிச்சல் வந்தா என்னங்க பண்ணுவீங்க சார் என்று நீ கேட்டாய், வராம இருக்கத்தான் ஊசி போடறோம் சாமி என்றேன். நீ பிறந்ததிலிருந்து உன்னைச் சாமி என்றுதானே கூப்பிடுகிறேன். பேட்டி எடுத்த அன்று வீடியோவில் ஒன்பது தடவை என்னைச் சார் என்றாய். அது வகுப்பு மரியாதை என்று நினைத்து நானும் உன்னை மேடம் என்று கூப்பிடப் பார்த்தேன், வாய் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் மொழிபெயர்த்ததை நம்பி அந்தப் பெண் எழுதிவிட்டாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அறிக்கையில் உன் பெயரும் இருக்கிறது, உனக்குத் தமிழ் தெரியும். முதல் தடவை நான் கேட்டதற்கு, சொந்தக்காரங்களப் பேட்டி எடுக்கக் கூடாதுங்கப்பா, நீங்க என்ற அப்பான்னு தெரிஞ்சா மார்க்கு போயிருமுங்க, ஒரு வரிதானுங்க என்றாய். உன் அம்மாவும் உன் பக்கம்தான், வெள்ளக்காரங்களாச்சும் உங்களப் பக்திமானுன்னு நெனைக்கட்டுமுங்க, இந்த ஊர்ல ஒருத்தனும் நம்ப மாட்டான் என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூடிப் படிக்கிறோம், ஒருவருக்குத் தெரியாததை இன்னொருவர் சொல்லித்தருவோம் என்று பெருமை பேசினாயே. ஐந்து பேர் ஐந்து துண்டு எழுதி ஒட்டியிருக்கிறீர்கள், அடுத்தவர் எழுதியதை ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. அவர்களுக்குத் தெரியாதது உன்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது, அதையும் ஒளித்துவிட்டாய். இதற்குப் பெயர் கூட்டுப் படிப்பு என்றால் எனக்கு அதில் மரியாதை இல்லை.

நான் சம்மதம் தரவில்லை. இருபதாம் தேதி வகுப்பில், எல்லார் முன்னாலும், பேட்டி கொடுத்தவர் என் அப்பா, சாமி என்றது என்னைத்தான் என்று நீயே சொல். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நானே எழுதுவேன், நான்கு வரி இங்கிலீஷில் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். மார்க் போனால் அடுத்த பருவத்தில் வாங்கிக்கொள்ளலாம். உன் அம்மா அழுதாலும் இதில் மாற்றம் இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, காலையில் சாப்பிடாமல் ஓடாதே. நோய் நொடி இல்லாமல் நல்ல பெயரோடு இரு. இருபதாம் தேதியை மறக்காதே, அதுவரை உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
கந்தப்பன்