கூண்டில் தூவிய உப்பு

மரக்காணம்,
தை 4

அன்பு மகள் அம்சவல்லிக்கு நைனா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது என்று மாப்பிள்ளையிடம் காட்டிச் சிரிக்காதே. உப்பளத்தில் பாத்திக்கு வரப்பு கட்டும்போது கயிறு பிடிக்காமலே நேராகக் கட்டியவன் நான், இந்தப் பேனா மட்டும் கோடு போட்ட தாளிலேயே கீழே கீழே சரிந்து போகிறது. அறுபத்தாறு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது, இதற்கே ஐந்து நாள் ஆகிவிட்டது. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சரண்யா டீச்சர், நான் எழுதித் தரட்டுமா தாத்தா என்று கேட்டது, வேண்டாம்மா இது என் பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்றுதான் போனேன், இப்போது பஸ்ஸில் ஏறினால் வழியில் இருக்கிற போர்டு எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முறைக்கிறான், முறைக்கட்டும். நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை மோகனும் பேரனும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். குஜராத்தில் இப்போது குளிர் என்று டிவியில் சொன்னார்கள், பையனுக்குக் காதை மூடிக் குல்லா போட்டு அனுப்பு.

போனில் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு அது வாயில் வரமாட்டேன் என்கிறது. ஆவணியில் நீ வந்தபோது என் காலைப் பார்த்துவிட்டு அழுதாய். நாற்பத்திரண்டு வருஷம் உப்புத் தண்ணீரில் நின்ற கால் வேறு எப்படி இருக்கும். இனிமேல் உப்பளத்துக்குப் போகாதீங்க நைனா, வீட்டுப் பின்னாலே கோழி வளருங்க என்றாய். நான் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு பேச்சு பேசிக்கொண்டோம், தை மாதம் பாத்திச் சேற்றை மிதித்து இறுக்கக் கூப்பிடுவதற்குள் கோழி நிலைத்துவிட்டால் நான் உப்பளத்தை விட்டுவிட வேண்டும், நிலைக்காவிட்டால் நீ அதற்குமேல் ஒன்றும் சொல்லக்கூடாது. நான் உடனே தலையை ஆட்டியதும் உனக்குச் சந்தோஷம். ஆனால் நான் ஆட்டியது வேறு நினைப்பில். நம் வீட்டில் எந்தக் காலத்தில் கோழி நிலைத்திருக்கிறது, நாலு மாசத்தில் எல்லாம் போய்விடும், தையில் நான் பாட்டுக்கு உப்பளத்துக்குப் போய்விடலாம் என்றுதான் ஆட்டினேன். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் எப்படி உட்கார்வது என்று எனக்குத் தெரியவில்லை அம்மாடி. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி நினைத்தவன்தான், ஆனால் புரட்டாசியில் வானூர் சந்தைக்குப் போய்க் கோழிகளைக் கையில் பிடித்ததும் ஆசை வந்துவிட்டது. ஐந்து பெட்டை, ஒரு சேவல். ஒவ்வொன்றையும் தூக்கிக் கண்ணைப் பார்த்து, இறக்கையை விரித்துப் பார்த்து, காலில் செதில் தூக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அம்மா, சேவல் வாங்கப் போனியா மாப்பிள்ளை பாக்கப் போனியா, ஜாதகம் கேக்காம விட்டியே என்றாள். நம் தோட்டத்தில் மழைக்குத் தண்ணீர் நிற்குமே, அதனால் நான்கு மரக்கால் வைத்து முழங்கால் உயரத்துக்கு மேலே கூண்டு கட்டினேன். பழைய உப்புக் கொட்டகையைப் பிரித்தபோது கிடைத்த பலகைதான், உப்பு ஊறிய பலகையைக் கரையான் தொடாது. எக்கியார்குப்பத்தில் கிழிந்த வலை ஒன்று கேட்டு வாங்கி, பருந்து இறங்காமல் மேலே கட்டிவிட்டேன். இரண்டு பெட்டை அடுத்தடுத்து அடை உட்கார்ந்தது, ஐப்பசி பிறந்து பத்து நாளில் பத்தொன்பது குஞ்சு. காலையில் எழுந்ததும் நேராக அங்கேதான் போவேன். நொய்யும் கம்பும் போடுவேன், சாணம் வைத்த சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரையானை உதறுவேன், பத்தொன்பதும் என் கால்மேல் ஏறி ஓடும். உனக்குப் போனில் காட்டினேனே, அது அப்போதுதான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. தரையெல்லாம் ஈரம், எறும்பு மொத்தமும் கூண்டுக்குள் ஏறிவிட்டது, குஞ்சின் கண் ஓரத்தில்கூடக் கடித்துக்கொண்டு நிற்கிறது. எறும்பு வந்தால் நாம் என்ன செய்வோம், உப்பைத்தான் போடுவோம். தென்னைக்கு உப்பு, வேலிக்கு உப்பு, வாசலில் பூரான் வந்தால் உப்பு. தோட்டத்து மூலையில் ஒரு சாக்கு கசடு உப்பு கிடந்தது, அதைக் கொண்டுவந்து கூண்டுத் தரை முழுக்கத் தூவி, பாத்தியைச் சமன் செய்கிற மாதிரி கையால் நிரவியும் விட்டேன். எறும்பு போய்விட்டது. நான் தூவியதைக் குஞ்சுகள் சின்னக் கல் என்று நினைத்துக் கொத்திக் கொத்தித் தின்றிருக்கின்றன, அது எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவே இல்லை, குடித்துக்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் தண்ணீராகக் கழிச்சல், நிற்க முடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தன. பக்கத்து வீட்டுப் பச்சமுத்து எட்டிப் பார்த்து, வெள்ளக் கழிச்சல்டா தேவநாதா, ஒண்ணும் தங்காது என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது, உன் கோழி வேலி தாண்டி வந்துதான் ஒட்டிவிட்டுப் போயிடுச்சு என்று தெரு கேட்கக் கத்தினேன். அதோடு விட்டேனா, கழிச்சல் என்றால் மனிதருக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்பார்களே என்று, அதையும் கரைத்து ஒவ்வொரு குஞ்சுக்கும் மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். அடுத்த நாள் காலைக்குள் எட்டு செத்துவிட்டது.

செத்ததில் இரண்டையும் உயிரோடு இருந்ததில் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுதான், பொறுமையாகக் கேட்டது. செத்த குஞ்சை அறுத்துப் பார்த்துவிட்டு, பெரியவரே கூண்டுல இன்னா போட்டீங்க என்றது. எறும்புக்குக் கொஞ்சம் உப்புதாம்மா என்றேன். எவ்ளோ கொஞ்சம் என்றது. ஒரு சாக்கு என்றேன். இன்னா வேலை செய்றீங்க என்று கேட்டது. உப்பளம் என்றேன். அதான் என்று மட்டும் சொன்னது. நோயே இல்லை, உப்புதான் கொன்றது, மிச்சம் இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், நல்ல தண்ணீரையும் ஒரேயடியாக வைக்காமல் கொஞ்சம் விட்டுக் கொஞ்சமாக வையுங்கள் என்று சொல்லி அனுப்பியது. வீட்டுக்கு வந்து கூண்டைக் கழுவி, மிச்சக் குஞ்சுகளைச் சமையல் கட்டில் கூடையில் வைத்துப் பார்த்துக்கொண்டோம், அதிலும் மூன்று போய்விட்டது. பத்தொன்பதில் எட்டு நின்றது, பெரிய கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றைக்கு அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்து, ஏன்யா, உப்பளத்துக்குப் போவணும்னே இத செஞ்சியா என்று கேட்டாள். இல்லை சாலம்மா, சத்தியமாகத் தெரியாமல் செய்தேன் என்றேன். அது உண்மைதான். ஆனால் ஆவணியில் என் மனதில் இருந்ததும் உண்மைதானே, அதனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் நீ போன் செய்தபோது நோய் வந்து செத்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன், அம்மாவையும் சொல்லவிடாமல் செய்தேன். நீ, பரவால்ல விடுங்க நைனா, உங்க மேல தப்பு இல்ல என்றாய். அந்த வார்த்தை அன்று முதல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தப்பு என் மேல்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாளே பச்சமுத்து வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், டேய், மீனு செத்தப்புறம்தான்டா கருவாடு போடுவாங்க, நீ உயிரோடவே போட்டுட்டியே என்றான். அவன் பெண்டாட்டி ராசம்மாள், எங்க கோழிமேல பழி போட்டியே, அதுங்ககிட்ட வந்து மன்னிப்பு கேளு என்று என்னைக் கூண்டு வரை இழுத்துக்கொண்டு போனாள். அதையும் கேட்டேன். பிழைத்த எட்டுக் குஞ்சும் இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது, அதில் மூன்று சேவல் என்று தெரிகிறது. சனிக்கிழமை கூடையில் வைத்து எடுத்துப் போய் வெள்ளைக் கழிச்சலுக்கு ஊசி போட்டு வந்தேன். டாக்டரம்மா கொடுத்த நோட்டீசை நானே எழுத்துக் கூட்டிப் படித்துக் கூண்டுப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். தரையில் உமி பரப்பியிருக்கிறேன். கூண்டுக் கால் நான்கையும் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சிகளில் நிறுத்தியிருக்கிறேன், ஒரு எறும்பு ஏறவில்லை. மார்கழி பாதி கழிந்ததும் நம் கறுப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது, ராசம்மாள் தன் கோழி முட்டை பன்னிரண்டைக் கொண்டுவந்து, இதாவது ஒழுங்கா வையி என்று கொடுத்தாள்.

முந்தாநாள் மேஸ்திரி ஐயப்பன் வந்தான். திங்கட்கிழமை பாத்தி மிதிக்க இறங்குறோம், வந்துடு பெரியப்பா என்றான். இந்த நாளைத்தான் நான் ஆவணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பேச்சுப்படி பத்தொன்பதில் எட்டு நின்றது என்பது நிலைத்ததா நிலைக்காததா என்று எனக்குத் தெரியவில்லை, போகிறேன் என்று சொன்னால் நீயும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாய். அம்மா முறத்தை வைத்துக்கொண்டு அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரல ஐயப்பா, அடையில கோழி இருக்குது என்றேன். அவன் சிரித்து, பெரியம்மா பாத்துக்கும், நீ வா என்றான். பெரியம்மா பாக்கும், ஆனா கெடுத்தது நான், நான்தான் பாக்கணும் என்றேன். அவன் போய்விட்டான். அவன் போன பிறகு நெஞ்சு கொஞ்சம் கனத்தது, அதை மறைக்கவில்லை. அம்மா எழுந்து போய் டீ வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இனி உப்பளத்துக்கு நான் போகப்போவதில்லை.

நீ நோய் என்று நம்பிக்கொண்டிருந்தது பொய் என்று தெரிந்து வருத்தப்பட்டால் வருத்தப்படு, பிறகு விட்டுவிடு. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நீண்ட ஆயுசோடு நிறைந்து வாழ வேண்டும். பையனை அதட்டாதே. பதில் போடும்போது பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுது, நான் யாரிடமும் கொடுக்காமல் நானே படிக்க வேண்டும். வருகிற வியாழக்கிழமை கறுப்புப் பெட்டைக்கு இருபத்தொரு நாள் முடிகிறது. எத்தனை பொரித்தது என்று போனில் கேட்காதே, அம்மா வாயைத் திறந்தால் போனை வைத்துவிடு. அதை அடுத்த வாரம் நான் எழுதித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு
உன் நைனா
வெ. தேவநாதன்