பெருக்காமல் விட்ட பாதிக் காடு

என் அன்பு ஏசுபாதம் அண்ணாத்தே,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் பச்சையம்மன் காடு பிழைத்துக்கொண்டது. புதிதாக வரும் குடோனுக்குப் போடும் ரோடு காட்டைச் சுற்றித்தான் போகும் என்று போன திங்கட்கிழமை காகிதம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இதை எழுதுவது நானேதான். உன் மாதா கோயில் பள்ளியில் பெரியவர்களுக்கு மத்தியானம் வகுப்பு நடக்கிறது. ஆறு மாதமாகப் போகிறேன். இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாளாகும் போலிருக்கிறது. உனக்கு அவசரம் இல்லையே?

அம்பத்தூர் கம்பெனியிலிருந்து நாம் ஓய்வு பெற்ற பிறகு, காலையில் எழுந்ததும் நீ காட்டு வாசலில் போய் உட்காருவாய். இடிபாடு கொட்ட வரும் லாரியைத் திருப்பி அனுப்புவாய். டீக்கடையில் உன்னை எப்படி ஓட்டுவார்கள்! “இன்னா ஏசுபாதம், மாதாவை உட்டுட்டு பச்சையம்மனுக்கு வாட்ச்மேன் ஆயிட்டியா?” நீ டீயை ஆற்றிக்கொண்டே சொல்வாய்: “ரெண்டு எடத்துலயும் சம்பளம் கெடையாதுடா.”

நீ கண்ணை மூடிய பிறகுதான் ரோடு விஷயம் வந்தது. குத்தம்பாக்கத்துக்குப் பஸ் நிலையம் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து நிலத்தின் மேல் எல்லாருக்கும் கண். இங்கே இருப்பது முள் புதர், பழைய காடு ஒன்றுமில்லை என்று குடோன்காரர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஊரே சேர்ந்து மனுப் போட்டோம். காட்டிலாகாவிலிருந்து ஒரு அம்மா நேரில் வந்து பார்ப்பார், பழைய காடு என்று அவர் எழுதினால் ரோடு விலகும், இல்லையென்றால் மிஷின் இறங்கும் என்றார்கள்.

அந்த அம்மா வருவதற்கு முந்தின நாள் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? திருவிழாவுக்கு வீட்டைச் சுத்தம் செய்வதைப் போலச் செய்தோம். அரிவாளால் கொடிகளை அறுத்தோம். சருகையெல்லாம் பெருக்கிக் குவித்துக் கொளுத்தினோம். மரங்களுக்கு இடுப்புயரத்துக்கு வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்தோம். சுண்ணாம்பு வாளி என் கையில்தான் இருந்தது. பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி பளிச்சென்று இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த அம்மா வந்தார். மரத்தை அண்ணாந்து பார்க்கவே இல்லை. தரையைத்தான் பார்த்தார்.

“ஐயா, சின்ன மரக்கன்னெல்லாம் எங்கே?”

“சுத்தம் பண்ணிட்டோம்மா,” என்றேன் பெருமையாக.

அவர் நோட்டை மூடிவிட்டார். “பெரிய மரம் மட்டும் நின்னா இது பூங்கா ஐயா. காடுன்னு நான் எப்படி எழுதறது?”

அண்ணாத்தே, நீ இத்தனை வருஷம் காத்ததை ஒரே நாளில் என் கையால் அழித்துவிட்டேனே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டெல்லா அண்ணிதான் முன்னால் வந்தார். “மேடம், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. இன்னும் கீது.”

அம்மன் கல்லைத் தாண்டி இரும்பு போகக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம் அல்லவா? அந்த வழக்கத்தால் எங்கள் அரிவாள் கல்லோடு நின்றுவிட்டது. கொடியை அறுக்காமல் துடைப்பமும் உள்ளே போக முடியவில்லை. அங்கே முழங்கால் வரை சருகு. தொடை பருமனில் கொடிகள். வீரையும் பாலையும் விரல் உயரக் கன்றிலிருந்து இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் மரம் வரை எல்லா வயதிலும் நின்றன. அந்த அம்மா சருகின் மேலேயே உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

“யாரும்மா இதை இப்படிக் காப்பாத்தினது?”

“எங்க ஊட்டுக்காரருதான் மேடம். கத்தி எட்த்துகினு எவன் வந்தாலும் புடுங்கி வெச்சுக்குவாரு. எங்க ஊட்டுல பதினோரு கத்தி கீது. காய் நறுக்க ஒண்ணு கூட ஒழுங்கா இல்ல.”

அந்த அம்மா சிரித்தார்.

திங்கட்கிழமை பஞ்சாயத்துச் சுவரில் காகிதத்தை ஒட்டினார்கள். நான்தான் படிப்பேன் என்று முன்னால் போய் நின்றுகொண்டேன். விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். “பெர்சு, சாயந்தரத்துக்குள்ள முடிச்சிடுவியா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ‘பழமையான பசுமைமாறாக் காடு’ என்று படித்து முடித்தேன். நம் காட்டுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது உனக்குத் தெரியுமா?

ஒன்று கேட்கிறேன். நீ அங்கே ஒரு நாளும் துடைப்பம் எடுத்ததில்லை. சருகு கிடந்தால்தான் கன்று முளைக்கும் என்று தெரிந்துதான் விட்டாயா? இல்லை, சோம்பலா?

இப்போது ஆடித் திருவிழா வருகிறது. அம்மன் கல்லைச் சுற்றி டைல்ஸ் போட வேண்டும் என்று என் பெரிய மகனே கிளம்பியிருக்கிறான். ஊரில் பாதிப் பேர் அவன் பக்கம். நான் இதுவரை யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை, உனக்கே தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்வேன்.

உன் கூடப் பிறக்காத தம்பி
முனுசாமி